பழைய பணிநிலையக் கணினிகளைப் பிரித்தலும் பாகங்களை இனங்காணுதலும்

பழைய பணிநிலையக் கணினிகளை, அதாவது பொறியியல், வரைகலை போன்ற கனமான வேலைகளுக்கான ‘வொர்க்ஸ்டேஷன்’களைப் பிரிக்கத் தொடங்குகிறவர்கள் பொதுவாக எல்லாவற்றையும் முதலில் கழற்றி மேசையில் பரப்பிவிட்டு, எது என்ன பாகம் என்பதைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்த வரிசை தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பாகம் என்ன என்பதற்கான சான்றுகளில் ஒரு பகுதிதான் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. அது எந்த இடத்தில் இருந்தது, எந்த இணைப்பானை ஒட்டி இருந்தது, எவற்றோடு சேர்ந்து வேலை செய்தது என்பவை மற்றொரு பகுதி. கழற்றி எடுத்ததும் இந்த இரண்டாவது பகுதி மறைந்துவிடும். ஆகவே இனங்காணும் வேலை கழற்றுவதற்கு முன்பே தொடங்கிக் கழற்றும்போதும் உடன் நடக்க வேண்டும்.

சாதாரண மேசைக்கணினிக்கு இந்தக் கவனம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதன் நினைவகத் தகடும் விரிவாக்க அட்டையும் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பொதுவான தரத்தையே பின்பற்றும். 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த பணிநிலையக் கணினிகள் அப்படிப்பட்டவை அல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் எஸ்பஸ்ஸையும், டிஜிட்டல் எக்யூப்மென்ட் டர்போசேனலையும், சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஜிஐஓவையும் தங்கள் விரிவாக்க வழித்தடங்களாக (கூடுதல் அட்டைகளைச் செருகும் இணைப்பு முறைகளாக) வைத்திருந்தன; ஐபிஎம்மின் ஆர்எஸ்/6000 வரிசை 1990இல் மைக்ரோ சேனலோடு வந்தது. எனவே பெயர் தெரியாமல் தனியே கிடக்கும் ஓர் அட்டையை வேறொரு கணினியில் செருகிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. 1998இல் வந்த சன் அல்ட்ரா 5, அல்ட்ரா 10 போன்றவை பொதுத் தரங்களான பிசிஐ அட்டைகளையும் ஐடிஇ வன்தட்டுகளையும் ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்த வேலை எளிதானது. என் ஆர்வம் அதற்கு முந்தைய தலைமுறையின் மேல்தான்.

மூடியைத் திறப்பதற்கு முன்பு பின்புறத்தைப் பார்க்க வேண்டும். மூன்று தடித்த ஓரச்சு (கோஆக்சியல்) துளைகளும் பத்து ஊசிகளும் ஒரே உறைக்குள் இருக்கும் 13டபிள்யூ3 காட்சி இணைப்பான் தெரிந்தால், அது சன்னாகவோ சிலிக்கான் கிராஃபிக்ஸாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இரு நிறுவனங்களும் அந்தப் பத்து ஊசிகளுக்கும் வெவ்வேறு பணிகளை ஒதுக்கியிருந்தன. இணைப்பான் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் கம்பியை மற்றொன்றுக்குப் பயன்படுத்திவிட முடியாது. எந்த அட்டை எந்தச் செருகிடத்தில் இருக்கிறது, எதில் வெற்றுத் தகடு மூடியிருக்கிறது என்பதையும் இப்போதே படம் எடுத்துக்கொள்வது நல்லது. நான் பின்புறத்தை நேராக ஒரு முறையும், வெளிச்சம் சாய்வாக விழும்படி ஒரு முறையும் படம் எடுப்பேன். மங்கிப்போன பொறிப்பெழுத்துகள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

மூடியைத் திறந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது செயலியை அன்று. சன் கணினியாக இருந்தால், நேரத்தையும் அமைப்புகளையும் காக்கும் நினைவகச் சில்லைத் தேடுங்கள். ஸ்பார்க்ஸ்டேஷன் 1, 2 போன்றவற்றில் எம்48டி02 என்ற 24 கால் சில்லும், ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20 போன்றவற்றில் எம்48டி08 வகையும், அல்ட்ரா வரிசையில் எம்48டி59 வகையும் இருக்கும். மற்றச் சில்லுகளைவிட உயரமாக, முதுகு புடைத்தாற்போல் இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது. அந்தப் புடைப்புக்குள் லித்தியம் மின்கலமும் படிகமும் சேர்த்து அடைக்கப்பட்டுள்ளன. வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் ஈதர்நெட் முகவரியும், ஹோஸ்ட்ஐடி எனப்படும் அடையாள எண்ணும் தாய்ப்பலகையில் இல்லை. இந்தச் சில்லுக்குள்தான் இருக்கின்றன. மின்கலம் உள்ளேயே இருப்பதால் சில்லைப் பிடுங்கினாலும் தரவு அழியாது, சில்லோடு கூடவே போய்விடும். இரண்டு கணினிகளின் சில்லுகளை மாற்றிச் செருகினால் அவற்றின் அடையாளங்களும் இடம் மாறிவிடும். அக்காலத்து மென்பொருள்கள் பல ஹோஸ்ட்ஐடியோடு உரிமத்தைப் பிணைத்து விற்கப்பட்டன என்பதை நினைவில் வைத்தால், இது எவ்வளவு முக்கியமான சில்லு என்பது விளங்கும்.

மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழ பத்து ஆண்டுகள். இன்று கைக்கு வரும் சில்லுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே வெறுமையாகிவிட்டன; கணினியை இயக்கினால் அடையாளத் தரவின் சரிபார்ப்புத் தொகை தவறு என்ற அறிவிப்பு வரும், ஈதர்நெட் முகவரி பொருளற்றதாக இருக்கும். அப்படிப்பட்ட நிலையிலும் சில்லின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சிறு சீட்டைக் கிழிக்காமல் காப்பாற்ற வேண்டும். சன்னின் ஈதர்நெட் முகவரிகள் 08:00:20 என்று தொடங்கும். மீதமுள்ள மூன்று இணை எண்கள் பெரும்பாலும் ஹோஸ்ட்ஐடியின் கடைசி ஆறு இலக்கங்களாக இருக்கும். ஹோஸ்ட்ஐடியின் முதல் இரண்டு இலக்கங்கள் கணினியின் வகையைக் குறிக்கும்: 51 என்றால் ஸ்பார்க்ஸ்டேஷன் 1, 55 என்றால் ஸ்பார்க்ஸ்டேஷன் 2, 72 என்றால் ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20 உள்ளிட்ட குடும்பம், 80 என்றால் அல்ட்ரா உள்ளிட்ட பிந்தைய கணினிகள். சீட்டில் இருக்கும் எண்ணைக் கொண்டே இழந்த அடையாளத்தை மீட்டெழுத முடியும் என்பதால், ஒரு சன் கணினியைப் பிரிப்பவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மற்ற நிறுவனங்களுக்கும் தொடக்க எண்கள் உண்டு. சிலிக்கான் கிராஃபிக்ஸின் முகவரிகள் 08:00:69 என்றும், ஹ்யூலட் பேக்கர்டின் முகவரிகள் 08:00:09 என்றும் தொடங்குவதைப் பார்க்கலாம். பெயர்ப்பலகை உடைந்துபோன ஒரு வலையமைப்பு அட்டை யாருடையது என்று அறிய இந்த மூன்று இணைகளே பல நேரங்களில் போதும்.

அடுத்தது பாக எண்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனெனில் ஒரே அட்டையில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். சன் அட்டைகளில் செம்புப் படலத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும் 270 என்று தொடங்கும் எண் சில்லுகள் பொருத்தப்படாத வெற்றுப் பலகையின் எண். பாகங்கள் பொருத்தி முடிக்கப்பட்ட அட்டையின் எண் 501 என்று தொடங்கும். அது பட்டைக்குறிச் சீட்டில், இடையில் கோடு இல்லாமல், வரிசை எண்ணோடு ஒட்டி ஒரே நீண்ட எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். முதல் ஏழு இலக்கங்களைப் பிரித்து, மூன்றாவது இலக்கத்துக்குப் பின் ஒரு கோடு போட்டுப் படித்தால் அட்டையின் எண் கிடைத்துவிடும். 300 என்று தொடங்கினால் மின்வழங்கி. 370 என்று தொடங்கினால் வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கப்பட்ட பாகம். ஒரே வெற்றுப் பலகையின் மேல் வெவ்வேறு அளவு நினைவகமோ வெவ்வேறு வேகச் செயலியோ பொருத்தி வெவ்வேறு 501 எண்களோடு விற்றிருக்கலாம் என்பதால், பொறிக்கப்பட்ட எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது பெரும் குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

டிஜிட்டல் எக்யூப்மென்டின் பலகைகளிலும் இதே இரட்டை வழக்கம் உண்டு: 50 என்று தொடங்குவது வெற்றுப் பலகை, 54 என்று தொடங்குவது நிறைவு பெற்ற அட்டை. இவற்றுக்கு மேல் விற்பனைப் பெயர் ஒன்றும் இருக்கும். டர்போசேனல் அட்டைகளில் பிஎம்ஏஜி என்ற தொடக்கம் வரைகலையையும், பிஎம்ஏடி ஈதர்நெட்டையும், பிஎம்ஏஇசட் ஸ்கசி எனப்படும் வன்தட்டு இணைப்பு முறையையும் குறிக்கும். இந்த நிறுவனத்தின் பெயரிடும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு எழுத்துகளைப் பார்த்ததுமே அட்டையின் தொழில் புரிந்துவிடுகிறது. சிலிக்கான் கிராஃபிக்ஸின் அட்டைகளில் 030 என்று தொடங்கும் எண்ணைத் தேட வேண்டும். ஐபிஎம் பாகங்களில் உற்பத்தி எண்ணும் எஃப்ஆர்யூ எனப்படும் மாற்றுப்பாக எண்ணும் தனித்தனியே இருக்கும். கையேடுகளில் தேடுவதற்கு உதவுவது இரண்டாவதுதான்.

சீட்டுகளெல்லாம் உதிர்ந்துபோன அட்டை கிடைத்தால் சில்லுகளைத்தான் படித்தாக வேண்டும். இதற்கு நான் பின்பற்றும் முறை, விளிம்பில் இருக்கும் இணைப்பானிலிருந்து உள்நோக்கி நடப்பது. காட்சி இணைப்பானுக்கு மிக அருகில், பெரும்பாலும் புரூக்ட்ரீ நிறுவனத்தின் முத்திரையோடு, பிடி458 போன்ற ஒரு சில்லு இருக்கும். எண்களாக இருக்கும் நிறத்தை மின்னழுத்தமாக மாற்றித் திரைக்கு அனுப்புவது அதன் வேலை. திரைக்குப் போகும் குறிகை சிதையாமல் இருக்க அது இணைப்பானை ஒட்டியே இருந்தாக வேண்டும். அதற்கு உள்ளே வரிசையாக நிற்கும் ஒரே மாதிரியான சில்லுகள் காட்சி நினைவகம். அவற்றுக்கும் உள்ளே இருக்கும் பெரிய சதுரச் சில்லு அந்த நிறுவனமே வடிவமைத்த வரைகலைக் கட்டுப்படுத்தி. ஏஎம்7990 என்ற சில்லைக் கண்டால் அந்தப் பக்கம் ஈதர்நெட். என்சிஆர் 53சி90 குடும்பத்துச் சில்லு இருந்தால் ஸ்கசி. இசட்8530 இருந்தால் தொடர்முறை முனையங்கள் (சீரியல் போர்ட்). சன் கணினிகளில் விசைப்பலகையையும் சுட்டியையும் கவனித்துக்கொள்வதும் இதே வகைச் சில்லுதான்.

சில நேரங்களில் சில்லின் பிறப்பும் அதன் பணியும் பொருந்தாமல் இருக்கும். ஸ்பார்க்ஸ்டேஷன் 1இல் உள்ள ஏஎம்79சி30 என்ற சில்லை அதன் தரவுத்தாளில் தேடினால் அது ஐஎஸ்டிஎன் எனப்படும் இலக்கமுறைத் தொலைபேசிக்காகச் செய்யப்பட்டது என்று தெரியவரும். கணினிக்குள் தொலைபேசிச் சில்லுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் அது ஒலிபெருக்கிக்குப் போகும் இணைப்பின் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கணினியின் ஒலியும் நொடிக்கு 8,000 மாதிரிகள் என்ற தொலைபேசித் தரத்தில்தான் இருந்தது. தரவுத்தாளை மட்டும் படித்தவர் வலையமைப்பு வசதி என்று முடிவு கட்டியிருப்பார். பலகையில் இருந்த இடத்தையும் பார்த்தவர் ஒலிச்சில்லு என்று சரியாகச் சொல்வார். நான் இடத்தை அவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

உலோகக் கூட்டுக்குள் இருந்து கடிகாரத் துடிப்பைத் தரும் அலையியற்றிகளையும் படிக்காமல் விடக்கூடாது. அவற்றின் மேல் அதிர்வெண் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும், அந்த எண்ணுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். 4.9152 மெகாஹெர்ட்ஸோ அதன் மடங்கோ இருந்தால் அது தொடர்முறைத் தகவல் தொடர்புக்கானது, ஏனெனில் அந்த எண் அதன் வழக்கமான வேகங்களில் ஒன்றான நொடிக்கு 38,400 பிட்டின் சரியான 128 மடங்கு. 24.576 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒலிக்கானது. அது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்பதன் 512 மடங்கு. 22.5792 என்றால் குறுந்தகட்டின் 44,100க்கு உரியது. 92.94 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய எண் சன் வரைகலை அட்டையில் இருந்தால், அது 1152க்கு 900 புள்ளிகள் கொண்ட திரையை நொடிக்கு 66 முறை புதுப்பிப்பதற்கான கடிகாரம். செயலியின் அருகில் இருப்பதை மட்டும் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். எம்ஐபிஎஸ் ஆர்4000 போன்ற செயலிகள் வெளியிலிருந்து வரும் 50 மெகாஹெர்ட்ஸை உள்ளே 100 ஆக இரட்டித்துக்கொள்பவை.

சில்லுகளின் மேல் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீடு பலருக்கும் தெரிந்ததுதான்: 9327 என்றால் 1993ஆம் ஆண்டின் 27ஆவது வாரம். ஒரு பலகையின் வயதைச் சொல்ல அதில் உள்ள சில்லுகளில் மிகப் பிந்தைய தேதியை எடுக்க வேண்டும். எல்லாச் சில்லுகளும் ஓரிரு மாத இடைவெளிக்குள் இருக்க, ஒன்று மட்டும் இரண்டு ஆண்டுகள் பிந்தியிருந்தால் அது பின்னர் மாற்றப்பட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். சாளரம் உள்ள இப்ராம் (புறஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகம்) சில்லுகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் உரிக்காதீர்கள். புறஊதா ஒளி அந்தச் சாளரம் வழியே சென்றால் உள்ளே இருக்கும் நிரல் மெல்ல அழியும். சீட்டில்தான் அந்த நிரலின் பதிப்பு எண்ணும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

செயலித் தகடுகளில் ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20க்கு உரிய, எம்பஸ் என்ற செயலி வழித்தடத்தில் செருகும் தகடுகள் இனங்காணக் கற்றுக்கொள்வதற்கு மிக நல்லவை. எஸ்எம்40, எஸ்எம்41, எஸ்எம்50, எஸ்எம்51, எஸ்எம்61, எஸ்எம்71 என்று அவை பெயர் பெற்றன. முதல் இலக்கம் வேகத்தை உணர்த்துகிறது: 4 ஏறத்தாழ 40, 5 என்றால் 50, 6 என்றால் 60, 7 என்றால் 75 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது இலக்கம் 0 என்றால் வெளிப்புற இடைமாற்று நினைவகம் (கேஷ்) இல்லை, 1 என்றால் உண்டு. தகட்டைப் பார்த்தே இதை உறுதி செய்யலாம்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சூப்பர்ஸ்பார்க் செயலியோடு இன்னொரு பெரிய கட்டுப்படுத்திச் சில்லும், அதைச் சுற்றி வேக நினைவகச் சில்லுகளும் இருந்தால் அது 1இல் முடியும் வகை. ராஸ் நிறுவனத்தின் ஹைப்பர்ஸ்பார்க் தகடுகளும் இதே எம்பஸ் செருகிடத்தில்தான் பொருந்தும் என்பதால் செயலியின் மேல் உள்ள பெயரையும் படித்தாக வேண்டும். வெப்பத்தகடு மறைத்திருந்தால் பாக எண்ணை நாடலாம்.

இதே கணினிகளின் நினைவகச் செருகிடங்களிலும் ஒரு பொறி உண்டு. 200 கால் கொண்ட சாதாரண நினைவகத் தகடுகளுக்கு நடுவே விசிம் எனப்படும் தகடு ஒன்று இருக்கக்கூடும். எஸ்எக்ஸ் என்ற உள்ளமைந்த வரைகலை அமைப்புக்கான காட்சி நினைவகம் அது. மற்றவற்றோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், பிறகு யாரோ ஒருவர் அதைப் பழுதான நினைவகத் தகடு என்று ஒதுக்கிவிடுவார். எந்தச் செருகிடத்திலிருந்து எடுத்தோம் என்பதை எழுதி ஒட்டுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டியில் நினைவகத் தகடுகள் நான்கு நான்காகத்தான் வேலை செய்யும். அந்த நான்கையும் பிரிக்காமல் ஒன்றாகக் கட்டி வைப்பதுதான் சரி.

கைபடக்கூடாத இடங்களும் இருக்கின்றன. 1997இல் வந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஆக்டேனின் எக்ஸ்ஐஓ அட்டைகளில் அழுத்த இணைப்பான்கள் உள்ளன. அவற்றின் தொடுமுனைகள் முடியிழை போல நுண்மையானவை. விரல் பட்டாலோ துணியால் துடைத்தாலோ வளைந்துவிடும், திரும்ப நிமிர்த்த முடியாது. அட்டையை வெளியே எடுத்ததும் பாதுகாப்பு மூடியைப் போடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு எதுவும் செய்யக்கூடாது. அந்நிறுவனத்தின் இண்டி, ஓ2 ஆகியவற்றின் வெளிப்புற நெகிழி இப்போது மிகவும் நொறுங்கும் தன்மை அடைந்துவிட்டதால், தாழ்ப்பாள்களை அழுத்தும்போது அறை நன்றாக வெதுவெதுப்பாக இருப்பது நல்லது. நெக்ஸ்ட் நிறுவனத்தின் கனசதுரக் கணினியின் உறை மக்னீசியத்தால் ஆனது. அதை அராவுவதும் துளையிடுவதும் தீப்பற்றும் தூளை உண்டாக்கும். மின்வழங்கியின் முதன்மை மின்தேக்கி கம்பியைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். படக்குழாய்த் திரைகளைப் பயிற்சி இல்லாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

திருகுகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அங்குல மரையும் மெட்ரிக் மரையும் ஒரே கணினிக்குள் கலந்திருக்கும், அவை பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒவ்வொரு பாகத்தின் திருகுகளையும் அந்தப் பாகத்தின் பையிலேயே போட்டுவிட்டால் சிக்கல் இல்லை. வன்தட்டுகளின் இணைப்பானில் உள்ள ஊசிகளை எண்ணினாலே தலைமுறை தெரியும். பழைய ஸ்பார்க்ஸ்டேஷன்களில் 50 ஊசி ஸ்கசி, ஸ்பார்க்ஸ்டேஷன் 20இல் மின்சாரத்தையும் தரவையும் ஒன்றாகக் கொண்டுபோகும் 80 முனை எஸ்சிஏ. வன்தட்டின் ஸ்கசி எண்ணைக் குறிக்கும் குறுக்கிணைப்புகளை (ஜம்பர்) மாற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சன்னின் முந்தைய கணினிகள் தொடங்கும் வட்டை 3ஆம் எண்ணில்தான் தேடும், குறுந்தகட்டு இயக்கியை 6ஆம் எண்ணில் எதிர்பார்க்கும்.

பொன் முலாமுக்காகப் பீங்கான் உறைச் செயலிகளைப் பலகையிலிருந்து பெயர்த்து எடை போட்டு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதில் கிடைக்கும் உலோகம் மிகச் சொற்பம். ஒரு பலகையிலிருந்து செயலி போய்விட்டால், அந்தப் பலகைக்கென்றே வடிவமைக்கப்பட்ட மற்றச் சில்லுகள் அனைத்தும் அதோடு பயனற்றுப் போகின்றன. அவற்றை இனி யாரும் உற்பத்தி செய்யப் போவதில்லை. ஒரு கணினியை முழுமையாக வைத்திருக்க இடமில்லையென்றாலும், தாய்ப்பலகை, செயலித் தகடு, அடையாளச் சில்லு, மின்வழங்கி ஆகிய நான்கையும் பிரிக்காமல் ஒருவரிடமே கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகும் பெயர் தெரியாத சில மிஞ்சும். நிறுவனத்தின் உள் எண் மட்டும் அச்சிடப்பட்ட பெரிய சதுரச் சில்லுகள் பெரும்பாலும் இந்த வகையில் சேரும். அவற்றுக்குப் பொதுவில் தரவுத்தாள் கிடைப்பது அரிது. அப்போது தடங்களைப் பின்தொடர்ந்து, அது எந்தெந்தத் தெரிந்த சில்லுகளுக்கு இடையே நிற்கிறது என்று வரைந்து பார்ப்பேன். நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே நின்றால் நினைவகக் கட்டுப்படுத்தி, எஸ்பஸ் செருகிடங்களை நோக்கித் தடங்கள் கொத்தாக ஓடினால் வழித்தடக் கட்டுப்படுத்தி என்ற அளவுக்கு ஊகிக்க முடியும். ஊகத்தை ஊகம் என்றே எழுதி ஒட்டுவேன். கணினி இன்னும் இயங்கும் நிலையில் இருந்தால் சரிபார்க்கவும் வழி உண்டு: சன்னின் ஓபன்பூட் எனப்படும் தொடக்க நிரலின் திரையில் ‘பேனர்’, ‘ஷோ-டெவ்ஸ்’, ‘புரோப்-ஸ்கசி’ என்ற கட்டளைகளும், சிலிக்கான் கிராஃபிக்ஸில் ‘ஹின்வ்’ என்ற கட்டளையும், தனக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைக் கணினியையே சொல்ல வைக்கும். அந்தப் பட்டியலையும் என் குறிப்புகளையும் அருகருகே வைத்து, ஒத்துப்போகாத வரிகளுக்கு உரிய அட்டைகளை மட்டும் மறுபடியும் வெளியே எடுத்துப் பார்க்கிறேன்.